மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

"டாக்டர், நான் மாரத்தான் ஓடலாமா?" புறநோயாளர் பிரிவில் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். நாற்பதையோ ஐம்பதையோ கடந்தவர்கள். அலுவலக நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்கள். அண்மையில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பதாகத் தெரியவந்தவர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் காலையில் ஓடுவோரைப் பார்த்து, ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானில் தாமும் ஓட வேண்டும் என்று விரும்புகிறவர்கள்.

பெரும்பாலோருக்கு என் விடை "ஓடலாம்" என்பதே. ஆனால் அந்த விடையுடன் ஒரு நிபந்தனையும் உண்டு. 42.195 கிலோமீட்டர் ஓடுவதற்கு வேண்டியது வீரமோ மன உறுதியோ அல்ல, காலம். நம் உடலின் எல்லா உறுப்புகளும் பயிற்சிக்கு ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடுகின்றன. தசை சற்றுத் தாமதமாகப் பழகுகிறது. தசைநாணும் எலும்பும் மிகத் தாமதமாகவே பழகுகின்றன. ஓட்டக்காரர்களுக்கு நேரும் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நேர்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பயிற்சியின் மற்ற விதிகள் அனைத்தும் தாமாகவே விளங்கும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிக்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால்தான் முதல் நாள் இருநூறு மீட்டரில் மூச்சு வாங்கியவர், மூன்றாவது வாரத்தில் இரண்டு கிலோமீட்டரை எளிதாகக் கடக்கிறார். அடுத்த சில வாரங்களில் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன; ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதிகரிக்கின்றன. இரண்டாவது மாத முடிவில் அவருக்குத் தம் உடல் முழுவதும் தயாராகிவிட்டதாகவே தோன்றும்.

எலும்பின் கணக்கு வேறு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு முழு மாரத்தானில் இத்தகைய அடிகள் 40,000-க்கும் மேல் விழும். புதிய சுமைக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ள, எலும்பு முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைக்கிறது. பிறகே புதிய எலும்பைக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடியும். கட்டும் வேலைக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். பழைய வீட்டை இடித்துப் புதுப்பிக்கும்போது, இடித்த பின்னும் கட்டி முடிக்கும் முன்னும் வீடு பலவீனமாக இருப்பதைப் போலவே, பயிற்சியின் முதல் மாதங்களில் எலும்பும் தற்காலிகமாகச் சற்று வலுக்குறைந்திருக்கும். மூச்சு "இன்னும் ஓடு" என்று தூண்டும் அதே வாரங்களில்தான் எலும்பு "சற்றுப் பொறு" என்று கேட்கிறது. எலும்புக்கு வாய் இல்லை. வலி ஒன்றே அதன் மொழி.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன். நாற்பத்தாறு வயதுடைய ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். ஓடத் தொடங்கிப் பத்து வாரங்கள் ஆகியிருந்தன. அவருடைய இதயப் பரிசோதனைகள் அனைத்தும் நன்றாக இருந்தன. இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி.

"நீங்களே சொல்லுங்க டாக்டர். வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிட்டு, மாத்திரையப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை பதினெட்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்திருக்காரு" என்றார் மனைவி.

"மூச்சு வாங்கவே இல்லை சார். அதனால ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அவர் ஓடவில்லை. எட்டு வாரங்கள் ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தினார். குறைந்திருந்த வைட்டமின் டி-க்கு மருந்து எடுத்துக்கொண்டார். பின்னர் நடையிலிருந்து மீண்டும் தொடங்கினார். மறு ஆண்டு பத்து கிலோமீட்டரும், அதற்கு அடுத்த ஆண்டு அரை மாரத்தானும் ஓடினார். முழு மாரத்தானைப் பற்றி இப்போது அவர் அவசரப்படுவதில்லை.

ஓடுவதற்கு முன் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

மாரத்தானில் ஒருவர் மயங்கி விழுந்து இறந்த செய்தியைப் படித்ததும் குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு. உண்மை நிலை என்ன? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் பங்கேற்ற 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றிருந்தது. அவர்களில் 42 பேர் இறந்தனர். அதாவது ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரில் ஒருவருக்கே இது நேர்ந்தது. ஆபத்து மிகக் குறைவு. ஆனால் முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. பிறவியிலேயோ மரபுவழியாகவோ இதயத் தசை தடித்திருப்பதும், இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பதுமே முதன்மைக் காரணங்களாக இருந்தன. நம் நாட்டில் இதய இரத்தக் குழாய் நோய் மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே தோன்றுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

பின்வருவோர் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்:

• சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், கொழுப்பு மிகை ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள்.

• புகைபிடிப்பவர்கள், அண்மையில் அப்பழக்கத்தை நிறுத்தியவர்கள்.

• நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடக்கை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றை உணர்ந்தவர்கள்.

• குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் மாரடைப்பாலோ காரணம் தெரியாமல் திடீரென்றோ இறந்திருந்தால், அக்குடும்பத்தினர்.

• இதுவரை உடற்பயிற்சியே செய்யாத, நாற்பது வயதைக் கடந்தவர்கள்.

இவர்களுக்கு இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, இசிஜி ஆகியவற்றுடன் தேவைக்கேற்ப எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகளும் செய்யப்படும். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: டிரெட்மில் பரிசோதனை இயல்பாக இருப்பது ஓடத் தொடங்குவதற்கான அனுமதியே தவிர, புதிய அறிகுறிகளைப் புறக்கணிப்பதற்கான அனுமதி அன்று. காய்ச்சல் இருக்கும் நாளிலும், அது தணிந்த அடுத்த சில நாள்களிலும் ஓட வேண்டா. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கக்கூடும்.

பயிற்சியை எவ்வாறு அமைத்துக்கொள்வது?

இப்போது அரை மணி நேரம் நிற்காமல் மெதுவாக ஓடக்கூடியவருக்கு முழு மாரத்தானுக்குக் குறைந்தது ஆறு மாதங்கள் தேவை. இன்றுதான் நடக்கத் தொடங்குபவர் முதல் ஆண்டில் பத்து கிலோமீட்டரையும், பிறகு அரை மாரத்தானையும் இலக்காகக் கொள்வதே நன்று.

முதல் எட்டு வாரங்கள்: வாரத்தில் மூன்று நாள்கள். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றி அரை மணி நேரம். வாரம் செல்லச் செல்ல ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்க வேண்டும். ஓடாத நாள்களில் நடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றில் ஒன்று. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

நடு மாதங்கள்: வாரத்தில் நான்கு நாள்கள். மூன்று நாள்கள் குறைந்த தூரம். வார இறுதியில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தின் தூரத்தை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்ட வேண்டா. மூன்று வாரங்கள் கூட்டினால், நான்காவது வாரம் குறைக்க வேண்டும். எலும்பு தன் கட்டுமானப் பணியைச் செய்வது அந்த வாரத்தில்தான்.

கடைசி மாதங்கள்: நீண்ட ஓட்டம் 28 முதல் 32 கிலோமீட்டர் வரை உயரலாம். 42 கிலோமீட்டரைப் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து உடலை ஆறவிட வேண்டும்.

வேகத்தை அறிய விலையுயர்ந்த கடிகாரம் தேவையில்லை. உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பெரும்பாலான பயிற்சி நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகமே போதும்.

வாரத்தில் இரு நாள்கள் கால்களுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி அவசியம். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துதல், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்தல் ஆகிய இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம்.

இரண்டு பக்கமும் பரவலாக இருந்து, இரண்டு நாளில் மறையும் தசை வலி இயல்பானது. ஒரே இடத்தில் குத்துவது, ஓட ஓட அதிகரிப்பது, இரவில் உறக்கத்தைக் கெடுப்பது, நொண்டி நடக்கச் செய்வது ஆகிய வலிகள் இயல்பானவை அல்ல. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வெயிலும் தண்ணீரும்

ஜனவரியில் நடைபெறும் ஓட்டத்துக்கான பயிற்சி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே தொடங்கிவிடும். சென்னையில் அப்போது விடியற்காலையிலும் புழுக்கம் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர, உடல் குளிராது. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை வேகத்தைக் குறைத்து, சூரியன் உதிக்கும் முன்பே ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஓடுபவர் குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்யும் இம்முதலுதவியே உயிரைக் காக்கும்.

தண்ணீர் குறைவதைப் போலவே மிகுவதும் ஆபத்து. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தை ஓட்டத்தின் முடிவில் பரிசோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. வியர்வையில் உப்பை இழந்தவர்கள் வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தால், இரத்தத்தில் உள்ள உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என அது முற்றக்கூடும். மெதுவாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

எனவே தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஓஆர்எஸ் கரைசல் அல்லது உப்பிட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே அது மட்டும் போதாது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு: நீண்ட ஓட்டத்தின்போது மட்டுமன்றி, அன்று இரவிலும் சர்க்கரை அளவு தாழக்கூடும். ஓடும் முன் அளவு 90-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்ட பிறகே புறப்படுங்கள். குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். இன்சுலின் எடுப்போருக்கு அளவு 250-க்கு மேல் இருந்தால், கீட்டோன் இல்லை என்று உறுதி செய்யாமல் ஓட வேண்டா.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: இவை சிறுநீரின் வழியே நீரையும் சர்க்கரையையும் வெளியேற்றுபவை. நீண்ட ஓட்ட நாள்களில் இவற்றை எவ்வாறு எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால்: இவை நாடித் துடிப்பை உயரவிடாமல் வைக்கும். கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பாமல், பேச முடிகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள்: ஓட்டத்துக்கு முன்போ இடையிலோ இவற்றை எடுக்கவே கூடாது. நீரிழந்த உடலில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். எலும்பின் எச்சரிக்கையையும் இவை மறைத்துவிடும்.

எந்த மருந்தையும் தாமாக நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ கூடாது. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகள் பாத உணர்வையும் விழித்திரையையும் பரிசோதித்துக்கொண்ட பின்னரே ஓட வேண்டும். உணர்வு குறைந்த பாதத்தில் காலணி உரசி உண்டாகும் கொப்புளம், ஆறாத புண்ணாக மாறக்கூடும்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

ஆறு மாதப் பயிற்சி ஒருவருடையது மட்டும் அன்று. வீட்டினர் அனைவருடையதும் ஆகும். அதிகாலை எழுபவர் இரவில் நேரத்தோடு உறங்க வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு சோறு, இட்லி, இடியாப்பம் போன்ற பழகிய உணவே போதும். ஓடி வந்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோ சுண்டலோ பருப்போ சேர்ந்த உணவைக் கொடுங்கள். ஓட்ட எண் அட்டையின் பின்புறம் அவருடைய நோய், மருந்துகள், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிவையுங்கள். எந்த வழியில், எவ்வளவு நேரம் ஓடுவார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சழுத்த உயிர்மீட்பு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னர்க் கூறிய அமெரிக்க ஆய்வில், உயிர் பிழைத்தவர்களுக்குப் பெரிதும் உதவியது அருகிலிருந்தவர்கள் உடனே செய்த நெஞ்சழுத்தமே. விழுந்தவர் அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

மெதுவாக ஓடுவோருக்கு ஒரு நற்செய்தி

லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடிய, பெரிய நோய்கள் ஏதுமற்ற 138 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2020-இல் வெளியாயின. ஏறத்தாழ ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் அவர்களுடைய பெருந்தமனியின் விறைப்புக் குறைந்திருந்தது. இரத்தக் குழாய்களின் வயது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் குறைந்ததற்கு அது ஒப்பானது. இரத்த அழுத்தமும் சற்றே தாழ்ந்தது. கூடுதல் பயனடைந்தவர்கள் யார் தெரியுமா? வயதில் மூத்தவர்களும், மெதுவாக ஓடி முடித்தவர்களும்.

ஆகவே, ஓட்ட நாளன்று கழுத்தில் விழும் பதக்கத்தைவிட, அதற்கு முந்தைய மாதங்களில் உடல் பெற்ற நலமே பெரிது. பாதியில் வலி வந்து நிறுத்தினாலும், அரை மாரத்தானோடு நிறைவடைந்தாலும், அந்த நலம் வீணாவதில்லை. ஓட இயலாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்கள் விரைவாக நடந்தாலே இதயத்துக்கு நன்மை கிடைக்கும். மாரடைப்புக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு உடற்பயிற்சி செய்ய விரும்புவோர், தம் இதயநோய் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத் தொடங்கலாம்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், ஓட விரும்பும் தூரத்தையும், வழக்கமாக ஓடும் காலணியையும் கொண்டுவாருங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு ஓடலாம் என்பதைச் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்யலாம்.